முந்நூறு பேருக்குச் சாம்பார், நாற்பது பேருக்கு ஜெயில் படம்

ஓடுகிற படத்துக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று, திரையில் இருப்பவன் இங்கிலீஷில் சொன்னதை, அடுத்தவன் வாயைத் திறப்பதற்குள் தமிழில் சொல்லி முடிப்பதுதான் என் தொழில்.

இப்படி ஒரு தொழில் உண்டா என்று கேட்காதீர்கள். உங்களில் பாதிப் பேர் சம்பளம் இல்லாமல் இதைச் செய்திருப்பீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அரை நிமிஷம் பேசியதை அம்மாவுக்கு அரை மணி நேரம் மாற்றிச் சொன்னவர்கள், கல்யாண வீட்டில் வெளிநாட்டு விருந்தாளிக்கு அருந்ததி எங்கே என்று காட்டத் திணறியவர்கள், தியேட்டரில் பக்கத்துச் சீட்டு மாமாவுக்குக் கதை சொல்லி முன் சீட்டுக்காரரிடம் திட்டு வாங்கியவர்கள் எல்லாரும் என் கூட்டம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஏற்காட்டில் படித்தவள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், வீட்டில் தமிழ். இரண்டையும் வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் இருபது வருஷம் படங்களுக்குச் சப்டைட்டில் எழுதினேன். அந்த வேலையை இயந்திரமே பார்த்துக்கொள்ளும் என்று கம்பெனி முடிவு செய்ததும் மலையேறி வந்துவிட்டேன். வந்த இடத்தில் வாழவந்தி ரோட்டில் ரிசார்ட் வைத்திருக்கும் குணசேகரன் சார் பிடித்துக்கொண்டார். சேலத்தில் ஜவுளி வியாபாரம் செய்பவர். சனிக்கிழமை சாயங்காலம் ரிசார்ட்டில் பழைய படம் போடுவார். நான் சொல்ல வேண்டும்.

லாட்டில் வந்த படங்கள்

பக்கத்து ரிசார்ட்டில் சனிக்கிழமைகளில் தீ மூட்டி டான்ஸ். அதற்கும் அந்தப்பக்கம் டிஜே. குணசேகரன் சாருக்குக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஏதாவது வேண்டியிருந்தது. கீழே சேலத்தில் மூடிப்போன ஒரு ஃபிலிம் கிளப்பின் திரை, ப்ரொஜக்டர், ஸ்பீக்கர், நாற்காலி எல்லாவற்றையும் ஒரே லாட்டாக எடுத்தார். படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க் கூடவே வந்தது. லாட் எடுக்கிற ஜவுளிக்காரர் மேல் துணியை மட்டும்தான் விரித்துப் பார்ப்பார். இவரும் முதல் படத்தில் முதல் ஐந்து நிமிஷம் பார்த்தார். மழை பெய்கிறது, ஒரு தாய் அழுகிறாள். நல்ல குடும்பப் படம் என்று கட்டி ஏற்றிவிட்டார். அந்தத் தாய் நின்று அழுவது ஜெயில் வாசல் என்பது கேமரா பின்னால் போனபோதுதான் தெரிந்தது.

அந்தக் கிளப் மூடுவதற்கு முன்பு கடைசியாக நடத்தியது சிறைச்சாலைப் பட விழாவாம். ஆகவே டிஸ்க் முழுக்கக் கறுப்பு வெள்ளை ஜெயில். சுருட்டு பிடிக்கும் வார்டன், நல்ல மனசுள்ள ஒரு டாக்டர், நாலு பேருக்கான அறையில் பத்துப் பேர், புழு நெளியும் சோறு, பிறகு கலகம். கைதிகள் காவலர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு கோரிக்கை வைப்பார்கள். கவர்னர் கையெழுத்துப் போடுவார், மறுநாள் வாபஸ் வாங்குவார். எல்லாம் முடிந்த பிறகு ஒரு நல்லவர் எழுந்து, ஜெயில் மனுஷனைத் திருத்துகிற இடமா, கெடுக்கிற இடமா என்று கேட்பார். முதல் படம் பார்த்து முடித்தபோது குணசேகரன் சார் கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். லாட்டைத் திருப்பிக் கொடுக்கிற பேச்சே எழவில்லை.

விருந்தாளிகள் பாடுதான் திண்டாட்டம். படகுத்துறையில் போட்டோ எடுத்துக்கொண்டு வந்த ஒரு புது ஜோடி முன்வரிசையில் கையைக் கோத்தபடி உட்கார்ந்தது. படம் முடிகிறபோது கைகள் தனித்தனியாக இருந்தன. ஆயுள் தண்டனை என்ற சொல்லை நான் அன்றைக்குக் கொஞ்சம் அதிகம் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. போகும்போது அந்தப் பெண் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "கல்யாணத்துக்கு முந்தின வாரம் வந்திருக்கணுங்க நாங்க."

மரியாதையுள்ள கைதிகள்

விருந்தாளிகளுக்குப் பின்னால் கடைசி இரண்டு வரிசை ரிசார்ட் ஆட்களுக்கு. அவர்களில் செல்விதான் தலைமை. வாழவந்திக்காரி, அறைகளைச் சுத்தம் செய்பவர்களுக்கு மேஸ்திரி. திரையில் யார் தவறு செய்தாலும் அவளிடம் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு படத்தில் வாலிபக் கைதி ஒருவன் கிழக்காவலரைக் கண்டபடி திட்டினான். நானும் குழந்தைகள் இருக்கிறார்களே என்று கெட்ட வார்த்தைகளைக் களைந்துவிட்டு, டா போட்டுச் சொன்னேன். செல்வி எழுந்துவிட்டாள். எவ்வளவு பெரிய கைதியாக இருந்தாலும் அப்பன் வயசுக்காரரைப் பார்த்து அப்படிப் பேசலாமா, நான் சரியாகச் சொல்லவில்லை என்று வாதம். பின்வரிசை முழுக்க அவள் பக்கம். அன்றிலிருந்து எங்கள் கைதிகள் மரியாதையாகப் பேசத் தொடங்கினார்கள். "ஏனுங்க, சாவியக் குடுக்கறீங்களா, இல்லீன்னா கழுத்த அறுக்கட்டுங்களா?" என்று கத்தியோடு கேட்பார்கள். காவலரும், "நொம்பத் தப்புங்க, போட்டுருங்க அதை" என்பார். சப்டைட்டில் எழுதிய காலத்தில் இப்படி எழுதியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

சென்னையிலிருந்து வந்த ஒரு ஐடி கம்பெனிக்காரர் படம் முடிந்ததும் என்னைத் தேடி வந்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். "இந்த ஜெயிலுக்கு அட்மிஷன் எப்படிங்க? எங்க ஆபீஸ்ல இதுல கால்வாசி மரியாதைகூட இல்லை."

பனி வந்த வழி

எங்கள் தியேட்டர் பழைய காப்பிக் கிடங்கு. மூன்று பக்கம் சுவர், நாலாம் பக்கம் திறந்தவெளி. மார்கழியில் பனி அந்த வழியாக டிக்கெட் இல்லாமல் உள்ளே வரும்.

ஒருநாள் கதாநாயகன் சுவர் ஏறிக் குதிக்கிற கட்டம். அந்த நேரம் பார்த்து ஒரு பனிமூட்டம் உள்ளே புகுந்தது. திரை வெறும் வெள்ளை. சத்தம் மட்டும் வருகிறது. நாய் குரைக்கிறது, விசில் ஊதுகிறார்கள், யாரோ ஓடுகிறார்கள். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். இந்தத் தொழிலில் சும்மா இருக்கக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். ஓடுகிறான், ஆற்றைத் தாண்டிவிட்டான், தப்பித்துவிட்டான் என்று நானாகச் சொன்னேன். கைதட்டல். பனி விலகியது. திரையில் அவன் கையில் விலங்கு.

கைதட்டினவர்கள் என்னை மன்னிக்கவே இல்லை. அடிவாரத்திலிருந்து விருந்தாளிகளை ஏற்றிவந்திருந்த ஒரு டிரைவர் மட்டும் பீடியை அணைத்துவிட்டு ஆறுதலாகக் கேட்டார்: "பனி இன்னுங் கொஞ்ச நேரம் நின்னிருந்தா பொழச்சிருப்பான், இல்லீங்களா?"

முதலாளியின் சொற்பொழிவு

படம் முடிந்ததும் மைக் குணசேகரன் சாருக்குப் போய்விடும். இது நாங்கள் போட்ட திட்டம் இல்லை. மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ அவராக எழுந்து வாங்கினார், பிறகு அது வழக்கமாகிவிட்டது. திரையில் அந்த நல்லவர் கடைசியில் பேசுவதைத் தமிழில் என்னைவிட நன்றாகச் சொல்வார். தப்புப் பண்ணினவன் தண்டனையை முடித்துவிட்டால் அவன் கணக்குத் தீர்ந்தது, கதவைத் திறந்து வெளியே விட்டவனை ஊர் மறுபடியும் பூட்டக் கூடாது என்பார். கடைசி வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: "அதுக்கப்புறமும் அவனை ஒதுக்கினா, அது நாம பண்ற குத்தம்." அந்த இடத்தில் குரல் உடையும், கர்ச்சீப் வெளியே வரும்.

நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வாராவாரம் பக்கத்தில் நின்று பார்த்தவள் சொல்கிறேன், அது அசல் கண்ணீர். வியாபாரிக்கு இளகிய மனசு இருக்கக் கூடாது என்று சட்டம் இல்லையே. விருந்தாளிகளும் செல்போனில் பிடித்துக்கொள்வார்கள். நாமக்கல்லிலிருந்து வந்த ஒரு பெரியவர் மட்டும் என் காதருகே வந்து கேட்டார்: "இவுரு எலெக்சன்ல நிக்கறாருங்களா?"

முந்நூறு பேர்

எங்கள் சமையல்காரர் அர்த்தநாரி. ஐம்பத்தைந்து தாண்டியவர், குப்பனூர்ப் பக்கம். கை மணம் என்றால் அப்படி ஒரு மணம். ஒரே ஒரு குறை, அவருக்கு முந்நூறு பேருக்குக் குறைந்து சமைக்க வராது.

ரிசார்ட் நிறைந்தாலே நாற்பது பேர்தான். சாம்பார் அண்டாவில் வரும். குணசேகரன் சார் அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைப்பார். ஒருமுறை பிடிவாதமாகச் சின்னப் பாத்திரத்தில் செய்ய வைத்தார்கள். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு மட்டும் இருந்தது, சாம்பார் இல்லை. கல்யாண வீடுகளில் சமைத்துப் பழகிய கை, அப்படித்தான் இருக்கும் என்று முதலாளியும் விட்டுவிட்டார். மிச்சத்தைச் செல்வி தூக்குப் பாத்திரங்களில் நிரப்பி ராத்திரி பஸ்ஸில் வாழவந்திக்குக் கொண்டுபோவாள். அந்தப் பஸ்ஸுக்காகத் தெருவில் காத்திருப்பவர்களில் பாதிப் பேர் பயணத்துக்குச் சம்பந்தமில்லாதவர்கள். கண்டக்டர் முதல் வாரம் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். இரண்டாவது வாரம் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். மூன்றாவது வாரம் சொன்னார்: "சாம்பாருக்கு டிக்கெட் வேண்டாங்க்கா, அப்பளம் இருந்தா மட்டும் சொல்லுங்க."

சமையல்காரரைக் கேட்கவில்லை

ஒரு சனிக்கிழமை போட்ட படத்தில் கலகம் சாப்பாட்டுக் கூடத்தில் தொடங்கியது. பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அடியைத் தாங்குவார்கள், இருட்டறையைத் தாங்குவார்கள், கெட்ட சோறு வந்தால் தட்டு பறக்கும். சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அர்த்தநாரி பாதியில் உள்ளே போய்விட்டார். படம் முடிந்து காப்பிக்குப் போனபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். அந்த ஜெயிலில் சமைத்தவன் மானத்தை வாங்கிவிட்டான் என்றார். ஆயிரம் பேர் தின்கிற இடத்தில் பருப்பை வேகவிடாமல் இறக்கினால் தட்டு பறக்காமல் என்ன செய்யும் என்று கோபப்பட்டார். அப்போதும் எனக்குப் புரியவில்லை. கரண்டியைக் கழுவிக்கொண்டே அவரே சொன்னார்.

வரப்புத் தகராறு. பங்காளியை அடித்தது ஒரே அடி, அவர் எழுந்திருக்கவில்லை. அர்த்தநாரி தெற்கே ஒரு ஜெயிலுக்குப் போனார். அங்கே முந்நூறு பேருக்குச் சமைக்கிற சமையல்கட்டில் போட்டார்கள். அதுவரை வெந்நீர்கூட வைத்தறியாதவர். கல்யாணச் சமையல் என்பதெல்லாம் வெளியே வந்தபின் சொன்ன கதை. அதற்கு முன்பு இரண்டு இடத்தில் உண்மையைச் சொன்னாராம். இரண்டு இடத்திலும் அன்றைக்கே பையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், ஊரில் வீடு பங்காளிக் குடும்பத்துக்கு எதிர்வீடு, அங்கே போய் நிற்க முடியாது. சமையற்கட்டை ஒட்டிய அறைதான் இப்போது அவருக்கு வீடு.

முதலாளியிடம் சொல்லிவிடலாமே, அவர்தான் வாராவாரம் அழுகிறாரே என்றேன். அர்த்தநாரி சிரித்தார். அது படத்துக்கு அழுகிறது என்றார், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். நான், படம் எப்படியிருந்தது என்று அபத்தமாகக் கேட்டுவைத்தேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "விசாரணைன்னு எத்தன பேரைக் கூப்புட்டுக் கேட்டாங்க பாத்தீங்களா அம்மிணி. சமையக்காரன ஒருத்தராச்சுங் கேட்டாங்களா?"

ருசி பார்த்தவர்

போன மாசம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் துரைராஜ் என்ற பெரியவர் மனைவியோடு வந்து இறங்கினார். மீசை, நிமிர்ந்த முதுகு, அடங்காத குரல். ஜெயிலராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று தெரிந்ததும் குணசேகரன் சாருக்குப் பரவசம். இன்றைய படத்துக்கு நீங்கள்தான் தலைமை தாங்க வேண்டும் என்று சொல்லிச் சாப்பாட்டு மேசையில் தானே பரிமாறினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

துரைராஜ் சாம்பாரை ஊற்றி ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய். பிறகு இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, இதைச் சமைத்தது யார், கூப்பிடுங்கள் என்றார். குறை சொல்லப் போகிறார் என்று முதலாளி பதறினார். அர்த்தநாரி வந்தார். துரைராஜைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டு தானாகக் கைக்கு வந்தது, முதுகு நிமிர்ந்தது.

கைதிகளுக்குப் போகிற சாப்பாட்டை அதிகாரி ஒருவர் முதலில் ருசி பார்த்த பிறகுதான் பரிமாறுவார்களாம். துரைராஜ் வருஷக்கணக்கில் தினமும் ருசி பார்த்தது இந்தக் கையின் சாம்பார். ஓய்வுபெற்ற பிறகு வீட்டுச் சாம்பார் இறங்கவில்லை என்று மனைவியின் எதிரிலேயே சொன்னார். அந்த அம்மாள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. துரைராஜ் எழுந்து எச்சில் கையோடு அர்த்தநாரியின் தோளைத் தட்டினார். முதலாளியின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. துரைராஜ் மலர்ந்த முகத்தோடு அவர் பக்கம் திரும்பினார்: "உள்ள இருந்து வந்தவனை நம்பி அடுப்படியையே குடுத்திருக்கீங்க. பெரிய மனசு சார் உங்களுக்கு."

மாற்றிச் சொல்கிற வேலை

சாப்பாடு முடிந்ததும் குணசேகரன் சார் என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கெஞ்சினார். குடும்பங்கள் வருகிற இடம், இன்றைக்கு நாலு பேருக்குத் தெரிந்தது நாளைக்கு மலை முழுக்கத் தெரியும், யாராவது போனில் நாலு வரி எழுதிப் போட்டால் ரிசார்ட்டைப் பூட்ட வேண்டியதுதான் என்றார். நீங்கள் வாராவாரம் பேசுவது என்று ஆரம்பித்தேன். "சினிமால வர்றவன் எம்பட கிச்சன்ல வந்து வேலை கேக்கலீங்களே மேடம்" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது, மேசையில் பில் குத்தி வைக்கிற ஊசியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார். எதையும் நோகாமல் மாற்றிச் சொல்வது என் தொழில், ஆகவே அர்த்தநாரியிடம் நானே சொல்லிவிட வேண்டும். ராத்திரி சாப்பாடு முடியட்டும், காலையில் முதல் பஸ்.

சமையற்கட்டுக்குப் போனேன். வழியெல்லாம் வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் குத்தியது. அர்த்தநாரி ராத்திரிச் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். மூலையில் துணிப்பை கட்டி வைத்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "நீங்க மாத்திச் சொல்ல வேண்டாங்க அம்மிணி. இந்தப் பாஷை எனக்குத் தெரியும்."

தாளம்

சனிக்கிழமை மட்டும் சாப்பாட்டைக் கிடங்கிலேயே வைத்துக்கொள்வோம். படம் முடிகிறபோது எல்லார் மடியிலும் தட்டு இருக்கும். பீங்கான் இல்லை, எவர்சில்வர், அர்த்தநாரியின் பிடிவாதம்.

அன்றைக்குப் படத்தில் கைதிகள் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் மட்டும் தட்டை மேசையில் ஒருமுறை தட்டுகிறான். பிறகு இன்னொருவன். பிறகு கூடம் முழுக்க. பின்வரிசையிலும் ஒரு தட்டுச் சத்தம் கேட்டது. செல்வி. மத்தியானம் பரிமாறும்போது பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அவள்தான்; அர்த்தநாரி கட்டி வைத்த துணிப்பையையும் பார்த்திருக்கிறாள். அவளைத் தொடர்ந்து தோட்டக்காரர்கள், துணி துவைக்கிறவர்கள், வாட்ச்மேன். விருந்தாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். இது நிகழ்ச்சியின் பகுதி போலிருக்கிறது என்று அவர்களும் தட்டத் தொடங்கினார்கள். குழந்தைகளைக் கேட்கவே வேண்டாம். தகரக் கூரை அதிர்ந்தது. நான் சொல்வது எனக்கே கேட்கவில்லை, மைக்கை இறக்கிவிட்டேன்.

முதலாளிக்கு ஆனந்தம். இந்த மாதிரி ஒரு கூட்டத்தை டிஜே வைத்தவன்கூடப் பார்த்திருக்க மாட்டான். அவரும் ஒரு தட்டை எடுத்து ஸ்பூனால் தட்ட ஆரம்பித்தார். செல்வி எழுந்து, வரிசையைச் சுற்றிக்கொண்டு அவரிடம் போனாள். குனிந்து, அடக்கமாகச் சொன்னாள்: "மொதலாளி, இது அர்த்தநாரியண்ணனுக்காகத் தட்டறதுங்க. நீங்க தட்டறது உங்களுக்கே எதிராத்தானுங்க."

பாதியில் நின்ற வாக்கியம்

படம் முடிவுக்கு வந்தது. திரையில் அந்த நல்லவர் எழுந்து பேசத் தொடங்கினார். நான் சொல்லவில்லை. இந்த இடத்தை எங்கள் முதலாளி என்னைவிட நன்றாகச் சொல்வார் என்று அறிவித்துவிட்டு மைக்கை நீட்டினேன். வாராவாரம் நடப்பதுதானே, விருந்தாளிகள் கைதட்டினார்கள். துரைராஜ் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். குணசேகரன் சார் எழுந்து வந்தார். வராமல் என்ன செய்வார்?

தப்புப் பண்ணினவன் தண்டனையை முடித்துவிட்டால் என்று ஆரம்பித்தார். பழகிய வாய், ஓடியது. கணக்குத் தீர்ந்தது என்ற இடத்தில் சமையற்கட்டு வாசல் கண்ணில் பட்டது. அர்த்தநாரி சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தார், படம் முடிந்ததும் பரிமாற வேண்டுமே. "அதுக்கப்புறமும் அவனை ஒதுக்கினா" என்றார் முதலாளி. நின்றுவிட்டார்.

சகபாடிகளே, உங்களுக்குத் தெரியும். பேசுகிறவர் பாதியில் நின்றால் மீதியை எடுத்துக் கொடுப்பது நம் ரத்தத்தில் ஊறியது. அந்த வாக்கியத்தின் மீதி என் நாக்கு நுனியில் இருந்தது. வாயை இறுக்கிக்கொண்டேன். துரைராஜுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்திருக்க வேண்டும். முதலாளியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், எழுந்தார். தன் தட்டை எடுத்துக்கொண்டு நேரே அர்த்தநாரியிடம் போய் நின்று நீட்டினார். அர்த்தநாரி ஒரு கரண்டி ஊற்றினார். பெரியவர் நின்றபடியே ருசி பார்த்தார், முதலாளியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

குணசேகரன் சார் கர்ச்சீப்பை எடுக்கவில்லை. "அது நாம பண்ற குத்தம்" என்றார், மைக்கில் கேட்டதும் கேட்காததுமாக. பிறகு மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி வாசல் பக்கம் கேட்டார், நாளைக் காலைக்கு டிபன் என்னங்கண்ணா என்று.

அர்த்தநாரி வாளியைக் கீழே வைத்தார். பொங்கல் என்றார். அப்புறம், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருநாள்கூடக் கேட்காத கேள்வியைக் கேட்டார்: "எத்தன பேருக்குங்க?"

மறுநாள் காலையிலும் பொங்கல் முந்நூறு பேருக்குத்தான் இருந்தது. அதை விட்டுத்தள்ளுங்கள், ஜெயிலுக்குப் போனவர்களைத் திருத்த வேண்டும் என்று உலகத்தில் எத்தனையோ படம் எடுத்திருக்கிறார்கள், ஆனால் என் கண் முன்னால் அவை திருத்தியது ஒரே ஒருவரை, அவரும் ஜெயிலுக்கே போகாதவர்.